ஒன்பதாம் வகுப்போடு நின்றுவிடும் பையன்கள்: கிராமத்தில் உண்மையில் என்ன நடக்கிறது?

ஏரிக்கரையான் (திருவண்ணாமலை மாவட்டம்), இழையைத் தொடங்கியவர்

எங்கள் ஊர் அரசுப் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் பெற்றோர் உறுப்பினராக இருக்கிறேன். கூட்டத்துக்குக் கூட்டம் தீர்மானப் புத்தகத்தில் ஒரு வரி தவறாமல் ஏறுகிறது: ‘இடைநின்ற மாணவர்களைக் கண்டறிந்து மீண்டும் பள்ளியில் சேர்ப்பது.’ எல்லோரும் கையெழுத்துப் போடுகிறோம், டீ குடிக்கிறோம், கலைகிறோம். அடுத்த கூட்டத்திலும் அதே வரி.

சோறு, சீருடை, புத்தகம், பஸ் பாஸ், பதினொன்றாம் வகுப்பில் சைக்கிள் என்று எல்லாமே இலவசம். தொடக்கப் பள்ளியில் ஒரு பிள்ளையும் நிற்பதில்லை. எட்டாம் வகுப்பு வரை பெஞ்சுகள் நிறைந்திருக்கின்றன. ஒன்பதாம் வகுப்பில் காலாண்டுத் தேர்வு முடிந்ததும் கடைசி பெஞ்சு காலியாகத் தொடங்குகிறது. பத்தாம் வகுப்பு முடிவு வந்த பிறகு இன்னொரு கூட்டம் கரைகிறது. பெரும்பாலும் பையன்கள். பெங்களூரில் சென்ட்ரிங், ஓசூரில் டைல்ஸ், எங்கோ ஒரு பேக்கரி.

வறுமை என்று ஒரு சொல்லில் முடித்துவிடாதீர்கள். எங்கள் தெருவில் ஒன்றுமே இல்லாத வீட்டுப் பெண் செவிலியர் படிப்புக்குப் போயிருக்கிறாள். இரண்டு ஏக்கர் கிணற்றுப் பாசனம் உள்ள வீட்டுப் பையன் சாந்து குழைக்கிறான். வறுமை மட்டும்தான் காரணம் என்றால் இது தலைகீழாக அல்லவா இருக்க வேண்டும்? உங்கள் ஊர் நிலவரத்தைச் சொல்லுங்கள்.

கொத்தனார் மகன் (வேலூர்)

இதில் ஆராய்ச்சி செய்ய என்ன இருக்கிறது? படிப்பு ஏறாதவனுக்கு ஏறாது. எல்லாவற்றையும் சும்மா கொடுத்தால் அருமை தெரியாது. கையில் செல்போன், நினைப்பெல்லாம் பைக். நான் ஒன்பதாம் வகுப்பில் தோற்றவன்தான். இன்றைக்கு என்னிடம் இருபது பேர் பெயிண்டிங் வேலை செய்கிறார்கள். பொறியியல் படித்த பையன்கள் எனக்குப் போன் செய்து வேலை கேட்கிறார்கள். படித்து என்ன கண்டார்கள்?

சாக்பீஸ் தாத்தா (விழுப்புரம், ஓய்வு பெற்ற தலைமையாசிரியர்)

கொத்தனார் மகன் தம்பிக்கு: செல்போன் நேற்று வந்தது. ஒன்பதாம் வகுப்பில் நிற்கும் வழக்கம் அதற்கு வெகுகாலம் முந்தியது. நீங்களே அதற்குச் சாட்சி.

இனி ஏரிக்கரையான் கேட்டதற்கு வருகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1956-இல் காமராசர் மதிய உணவு கொண்டுவந்தார். 1982-இல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக விரித்தார். 2022 செப்டம்பரில் காலை உணவும் வந்தது. பசியால் பள்ளிக்கு வராத பிள்ளையை இந்தச் சோறு உள்ளே கொண்டுவந்தது. அதை நான் கண்ணால் பார்த்தவன், எவர் குறை சொன்னாலும் ஏற்க மாட்டேன். ஆனால் உள்ளே வந்த பிள்ளைக்கு வாசிக்க வந்ததா என்று கேட்பதற்கு ஆளில்லாமல் போனது.

ஒன்பதாம் வகுப்புக்கு வந்த ஒரு பையனின் அறிவியல் நோட்டு இன்னும் கண்ணில் நிற்கிறது. தலைப்புக்குச் சிவப்பு மை, ஸ்கேல் வைத்து இழுத்த அடிக்கோடு, ஒரு அடித்தல் திருத்தல் கிடையாது. வகுப்பிலேயே அழகான கையெழுத்து அவனுடையதுதான். அவன் எழுதிய பத்தியையே காட்டி வாசிக்கச் சொன்னேன். விரலை முதல் எழுத்தின் கீழ் வைத்தான். எழுத்தைச் சொன்னான். அடுத்த எழுத்தையும் சொன்னான். இரண்டையும் சேர்த்துச் சொல்ல வரவில்லை. கரும்பலகையில் இருப்பதைப் படம் வரைவது போலப் பார்த்து எழுதியே எட்டு வகுப்புகளைக் கடந்து வந்திருக்கிறான். ஒவ்வொரு பக்கத்திலும் ‘நன்று’ என்று கையெழுத்து இருந்தது.

உடனே ‘எட்டு வரை எல்லோருக்கும் தேர்ச்சி என்ற விதிதான் கெடுத்தது’ என்று சிலர் கிளம்புவார்கள். கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்தது. அந்த விதி இல்லாதிருந்தால் இந்தப் பையன் ஐந்தாம் வகுப்பிலேயே ஆடு மேய்க்கப் போயிருப்பான், அவ்வளவுதான் வித்தியாசம். 2019-இல் ஐந்து, எட்டு வகுப்புகளுக்குப் பொதுத்தேர்வு என்று இங்கே அறிவித்தார்கள். எதிர்ப்புக் கிளம்பியதும் 2020 பிப்ரவரியில் கைவிட்டார்கள். நல்ல வேளை. தேர்வு வைத்தால் நோய் தெரியுமே ஒழிய மருந்து கிடைக்காது. மூன்றாம் வகுப்பில் அவனைத் தனியே உட்காரவைத்து வாசிக்கப் பழக்க ஓர் ஆசிரியருக்கு நேரம் இருந்ததா என்று பாருங்கள். ஐந்து வகுப்புக்கு இரண்டு ஆசிரியர், அதில் ஒருவர் எப்போதும் ஏதாவது ஒரு பதிவேட்டையோ செயலியையோ நிரப்பிக்கொண்டிருப்பார்.

இப்போது ஒன்பதாம் வகுப்பின் கதை. பத்தாம் வகுப்பில் பொதுத்தேர்வு. ஆய்வுக் கூட்டத்தில் தலைமையாசிரியரை எழுப்பி நிறுத்தி ‘உங்கள் பள்ளி ஏன் நூறு இல்லை?’ என்று கேட்பார்கள். அந்த நேரத்தில் பக்கத்துப் பள்ளிக்காரர் முகத்தைப் பார்க்கவே கூச்சமாக இருக்கும். விகிதத்தை உயர்த்த இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, பிள்ளைகளைத் தேற வைப்பது. மற்றொன்று, தேறமாட்டான் என்று தெரிந்தவன் பத்தாம் வகுப்புப் பட்டியலுக்கு வராமல் பார்த்துக்கொள்வது. எவரும் அவனைப் ‘போ’ என்று சொல்வதில்லை. ‘அப்பாவை அழைத்து வா’ என்பார்கள். அப்பா சூளையில் இருப்பார். பையன் மறுநாள் வரமாட்டான். அவன் வராததால் பள்ளிக்கு ஒரு நட்டமும் இல்லை, விகிதம் ஏறும். நூறு சதவீதத் தேர்ச்சி என்று வாசலில் பேனர் கட்டிய பள்ளியில் ஒரே ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: இந்தப் பிள்ளைகள் ஆறாம் வகுப்பில் சேர்ந்தபோது எத்தனை பேர், தேர்வு எழுதியவர்கள் எத்தனை பேர்? பதில் சொல்பவரை நான் இதுவரை பார்க்கவில்லை.

இளவேனில் (சென்னை)

தாத்தா சொல்வதை மறுக்கவில்லை. ஆனால் அனைத்திந்திய உயர்கல்வி ஆய்வின்படி 2021-22-இல் உயர்கல்விச் சேர்க்கை விகிதம் நாட்டுக்கு 28.4 சதவீதம், தமிழ்நாட்டுக்கு 47 சதவீதம். இவ்வளவு பேர் கல்லூரிக்குப் போகும் மாநிலத்தில் இதை இவ்வளவு பெரிதாகப் பேச வேண்டுமா?

வட்டார வளமையம் (ஆசிரியர் பயிற்றுநர்)

47 சரிதான். மீதி 53 எங்கே என்றுதானே இங்கே பேசிக்கொண்டிருக்கிறோம்?

எண்களைப் பற்றி உள்ளே இருப்பவனாக ஒன்று சொல்கிறேன். பையன் வருவது நின்ற நாளும், அவன் பெயர் பதிவேட்டிலிருந்து நீங்கும் நாளும் ஒன்றல்ல. இரண்டுக்கும் நடுவே ஓராண்டு, ஒன்றரை ஆண்டு கூட ஓடிவிடும். பெயரை நீக்கினால் ‘ஏன் நீக்கினீர்கள், வீட்டுக்குப் போய்ப் பார்த்தீர்களா?’ என்று கேள்வி வரும். நீக்காமல் விட்டால் ஒரு கேள்வியும் இல்லை. எனவே பெயர் அங்கேயே கிடக்கும்.

2023 மார்ச் 13 அன்று பன்னிரண்டாம் வகுப்புத் தமிழ்த் தாளுக்கு ஏறத்தாழ 50,000 பேர் வரவில்லை. தொலைக்காட்சிகளில் இரண்டு நாள் அதே பேச்சு. தேர்வுப் பயம், வினாத்தாள் கடினம் என்றெல்லாம் சொன்னார்கள். களத்தில் இருந்த எங்களுக்கு அது பழைய செய்தி. அந்தத் தொகுதிப் பிள்ளைகள் 2021-இல் கொரோனாவால் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதாமலேயே தேர்ச்சி பெற்றவர்கள். 2020 மார்ச்சில் மூடிய பள்ளி, நடுவில் சில வாரங்கள் திறந்து மூடியதைக் கழித்துவிட்டால், மேல் வகுப்புகளுக்கு 2021 செப்டம்பரில்தான் திறந்தது. அந்த இடைவெளியில் பதினைந்து வயதுப் பையன் கூலி வாங்கிப் பழகிவிட்டான். பதினொன்றில் பெயர் ஏறியது, ஆள் ஏறவில்லை. அப்போதே போனவனை 2023-இல் தேர்வறையின் காலி நாற்காலியைப் பார்த்து நாடே தேடியது.

மாணவர் விவரங்களைப் பதியும் கல்வித் துறையின் எமிஸ் தளத்தில் ‘காமன் பூல்’ என்று ஓர் இடம் இருக்கிறது. ஒரு பள்ளியிலிருந்து நீங்கிய பெயர், இன்னொரு பள்ளி இழுத்துக்கொள்ளும் வரை அங்கே தங்கும். எவரும் இழுக்காத பெயர்களை அச்சடித்துக் கையில் கொடுத்து, வெயில் காலத்தில் எங்களை வீடு வீடாக அனுப்புவார்கள். பாதி வீடு பூட்டியிருக்கும்.

சூளைப்புகை (கடலூர்)

பூட்டியிருக்கும் வீடுகளில் ஒன்று எங்களுடையது, சார்.

பொங்கல் கழிந்ததும் முன்பணம் வாங்கிய குடும்பங்கள் லாரியில் ஏறும். செங்கல் சூளை என்றால் மழை தொடங்கும் வரை அங்கேதான். ஜனவரியில் போன பிள்ளைக்கு முழு ஆண்டுத் தேர்வு ஏது? திரும்பி வந்து ஜூன் மாதம் போய் நின்றால் மேல் வகுப்பில் உட்காரச் சொல்வார்கள். ஒவ்வோர் ஆண்டும் பாடத்தின் கடைசி மூன்றில் ஒரு பங்கு எனக்குத் தெரியாது. கணக்கில் அதெல்லாம் அடுத்த ஆண்டின் முதல் பாடத்துக்கு வேண்டியவை.

சூளையில் கூலி ஆளுக்கு அல்ல, ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று குடும்பத்துக்கு. எனவே ஒரு கை கூடினால் முன்பணம் அந்த அளவு சீக்கிரம் கழியும். அப்பா சேற்றை மிதிப்பார், அம்மா அச்சில் அறுப்பார், காயும் பச்சைக்கல்லைப் புரட்டிப் போடுவது பிள்ளைகள் வேலை. வரிசைக்கும் வரிசைக்கும் நடுவே பெரியவர்கள் கால் நுழையாது, எங்கள் கால் நுழையும். விடியற்காலை மூன்று மணிக்கு எழுப்புவார்கள். வெயில் ஏறுவதற்குள் ஒரு பக்கம் புரட்டி முடிக்க வேண்டும்.

கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976-இல் வந்ததாம். முன்பணச் சீட்டில் அப்பாவின் கைநாட்டு 2004-இலும் இருந்தது.

கொத்தனார் மகன்

உங்கள் கதை வேறு, தம்பி. உங்களைச் சொல்லவில்லை. வீட்டில் வசதி இருந்தும் போகாதவனைச் சொல்கிறேன்.

சாக்பீஸ் தாத்தா

வசதி இருந்தும் போகாதவனுக்கும் என் அறிவியல் நோட்டுக்காரனுக்கும் பள்ளிக்குள் ஒரே அனுபவம்தான். ஒரு நாளைக்கு எட்டுப் பாடவேளை, ஒன்றும் புரியாமல், புரிந்தது போன்ற முகத்தோடு உட்கார்ந்திருக்க வேண்டும். உங்களால் ஒரு வாரம் முடியுமா? வேலைக்குப் போனால் அதே பையன் மூன்றாம் நாளே ஏதாவது ஒன்றில் கெட்டிக்காரன் ஆகிறான், மேஸ்திரி பெயர் சொல்லி அழைக்கிறார்.

மலைக்காற்று (ஜவ்வாது மலை)

எங்கள் பக்கத்தில் வாசிப்புக்கு முன்னால் தூரம் நிற்கிறது. சட்டப்படி தொடக்கப் பள்ளி ஒரு கிலோமீட்டருக்குள், நடுநிலைப் பள்ளி மூன்று கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும். சட்டம் பதினான்கு வயதோடு கைகழுவிவிடும். ஒன்பதாம் வகுப்புக்கு என்றால் உண்டு உறைவிடப் பள்ளி, இல்லையென்றால் அடிவாரத்து விடுதி. விடுதியில் சேர்த்த பிள்ளை பொங்கலுக்கு வீட்டுக்கு வரும். அப்போதுதான் புளி உலுக்கும் காலம் தொடங்கும். சிலர் திரும்பிப் போவார்கள், சிலர் அண்ணன்மாரோடு காப்பித் தோட்டத்துக்குப் பஸ் ஏறுவார்கள். 2015 ஏப்ரலில் சேஷாசலம் காட்டில் ஆந்திரக் காவல்துறை சுட்டு இறந்த 20 பேரில் பலர் எங்கள் மாவட்டத்தவர்கள். செம்மரம் வெட்டப் போனவர்கள் என்று எழுதினார்கள். எந்த வகுப்போடு நின்றவர்கள் என்று எவரும் எழுதவில்லை.

இன்னொன்று, சமவெளியில் இருக்கும் இருளர் வீடுகளில் சாதிச் சான்றிதழே கதவு. பழங்குடிச் சான்று கொடுப்பவர் கோட்டாட்சியர். விசாரணை, மானுடவியல் சரிபார்ப்பு என்று இழுத்தால் பதினொன்றாம் வகுப்பில் கிடைக்க வேண்டிய உதவித்தொகை கிடைக்காது. அப்பாவிடம் சான்று இருந்தால் பிள்ளைக்குக் கொடுப்போம் என்பார்கள். அப்பா பள்ளிக்கே போகாதவர், அவருக்குச் சான்று எதற்குத் தேவைப்பட்டிருக்கும்?

சைடர் (திண்டுக்கல்)

நூற்பாலையில் என் வேலையின் பெயரையே புனைபெயராக வைத்திருக்கிறேன். ரிங் ஃபிரேமில் அறுந்த நூலை ஓடி ஓடி ஒட்டுபவள் சைடர்.

பத்தாம் வகுப்பு முடிவு வந்த வாரம் எங்கள் ஊருக்கு முகவர் வருவார். கணக்குப் பாடத்தில் தோற்றவள் எந்த வீட்டில் இருக்கிறாள் என்பது அவருக்கு எப்படியோ தெரிந்திருக்கும். மூன்று ஆண்டு விடுதியில் தங்கி வேலை செய்தால் முடிவில் மொத்தமாக ஒரு தொகை, அதை வைத்துத் திருமணம் என்பார். அப்போது அதற்குச் சுமங்கலித் திட்டம் என்று பெயர். துணைத்தேர்வு என்று ஒன்று அடுத்த மாதமே வரும், ஒரே பாடம்தான், எழுதினால் பதினொன்றில் சேரலாம் என்று எவரும் வீட்டுக்கு வந்து சொல்லவில்லை. முகவர் வந்தார். அதுதான் நடந்தது. மூன்று ஆண்டு முடிய சில மாதங்கள் இருக்கும்போது உடம்பு முடியாமல் வந்துவிட்டேன், மொத்தத் தொகை இல்லை என்று சொல்லிவிட்டார்கள். மில் பெயர் வேண்டாம்.

ஏரிக்கரையான் அண்ணன் கேட்டதற்கு வருகிறேன், பெண்கள் ஏன் தாண்டிப் போகிறார்கள் என்று. என் அம்மா என்னைப் பத்து வரை படிக்க வைத்ததற்கு ஒரு காரணம் உண்டு. பத்தாம் வகுப்பு வரை படித்த பெண்ணுக்குத் திருமண உதவித் திட்டத்தில் 25,000 ரூபாயும் தாலிக்குத் தங்கமும் கிடைக்கும். எனவே எங்கள் ஊரில் பெண் படிப்புக்குப் பத்துதான் எல்லை. 2022-இல் அந்தத் திட்டத்தைப் புதுமைப் பெண் திட்டமாக மாற்றினார்கள். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போனால் மாதம் 1000 ரூபாய் அவள் கணக்கிலேயே விழும். எல்லை பத்திலிருந்து கல்லூரிக்கு நகர்ந்துவிட்டது. என் தங்கை அதில்தான் படித்தாள். பணம் பெரிதில்லை. ‘அரசே கொடுக்கிறது, நிறுத்தினால் போய்விடும்’ என்று அம்மா சித்தப்பாவிடம் சொல்வதற்கு ஒரு வார்த்தை கிடைத்தது, அதுதான் பெரிது.

பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன் 2024 ஆகஸ்டில் வந்தது. அதுவும் பள்ளியை முடித்து மேற்படிப்புக்குப் போனவனுக்கு. ஒன்பதில் திணறுபவன் கண்ணுக்கு அது தெரியாது.

புதுக்கோட்டைக்காரன்

சைடர் சகோதரி சொன்ன ‘எல்லை’ எங்கள் பக்கம் பையன்களுக்கும் உண்டு, அதுவும் பத்துதான். பத்தாம் வகுப்புச் சான்றிதழ் இருந்தால் பாஸ்போர்ட்டில் குடியகல்வுச் சோதனை தேவை என்ற குறிப்பு இருக்காது, வளைகுடாவுக்குப் போவது சுலபம். அது போதும் என்று நிறுத்திவிடுவார்கள். ஒரு காலத்தில் லாரி, வேன் ஓட்டும் உரிமத்துக்கு எட்டாம் வகுப்பு வேண்டும் என்று இருந்தது, அதற்காகவே எட்டு முடித்தவர்கள் எங்கள் வீட்டிலேயே இருக்கிறார்கள். 2019-இல் அந்த விதியையும் எடுத்துவிட்டார்கள்.

இரண்டு பிள்ளைகளின் அம்மா (தருமபுரி)

பெரியவர்கள் நிறைய பேசுகிறீர்கள். எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன்.

மேல்நிலைப் பள்ளி பதினோரு கிலோமீட்டர். டவுன் பஸ் ஏழே காலுக்கு ஒன்று, அடுத்தது ஒன்பதே முக்காலுக்கு. முதல் பஸ்ஸைப் பிடித்தால் பள்ளிக் கதவு திறக்கும் முன் கடைத்தெருவில் ஒன்றரை மணி நேரம் நிற்க வேண்டும். இரண்டாவதில் போனால் தாமதம், வாசலில் நிறுத்திவிடுவார்கள். சாயங்காலம் சிறப்பு வகுப்பு முடிந்து வந்தால் வீடு சேர ஏழரை. பையன் அந்தக் கடைத்தெருவில்தான் நண்பர்களைப் பிடித்தான், வேலையையும் பிடித்தான். பெண்ணுக்கு அதே பஸ், அதே இருட்டு. மாமியார் சொன்னார், ‘வயதுக்கு வந்த பெண்ணை இருட்டில் நடக்க விடுவாயா, அத்தை மகனுக்குக் கொடுத்துவிடலாம்.’ அவளுக்குப் பதினாறு. நான் சண்டை போட்டேன், விடுதியில் சேர்த்தேன். எல்லோராலும் முடியாது.

வாரம் ஒரு முறை குழுக் கடன் தவணை. செவ்வாய்க்கிழமை காலையில் ஆள் வந்து திண்ணையில் உட்காருவார். ஒரு தவணை தவறினால் மற்ற பெண்கள் சேர்ந்து கட்ட வேண்டும், அதன் பிறகு தெருவில் தலை காட்ட முடியாது. பையன் முதல் முறை அறுநூறு ரூபாயைக் கொண்டுவந்து அந்தச் செவ்வாயில் என் கையில் வைத்தபோது ‘நாளைக்குப் பள்ளிக்கூடம் போடா’ என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

வட்டார வளமையம்

அம்மா, பஸ் நேரத்தை எழுதியதற்கு நன்றி. திருமண விஷயத்தில் உங்கள் மாவட்டம் மட்டும் இல்லை. தேசியக் குடும்பநல ஆய்வு 2019-21 கணக்கில் தமிழ்நாட்டில் 20 முதல் 24 வயதுப் பெண்களில் 12.8 சதவீதம் பேர் 18 வயதுக்கு முன் மணமானவர்கள். அதில் பலருக்குத் திருமணத்துக்கு முன்பே படிப்பு நின்றிருக்கும், படிப்பு நின்றதுதான் திருமணத்தைக் கொண்டுவரும். குழந்தைகள் உதவி எண் 1098-க்கு ஒரு போன் போதும், யார் சொன்னது என்று வெளியே தெரியாது.

தாமிரபரணி (திருநெல்வேலி)

இவ்வளவு நேரம் ஒருவரும் தொடாத ஒன்று இருக்கிறது: சாதி. கையில் கட்டும் கயிறு, நெற்றியில் இடும் நிறம், பஸ்ஸில் எந்த ஊர்ப் பையன் எந்தப் பக்கம் நிற்பது. எங்கள் மாவட்டத்தில் சில பிள்ளைகளுக்கு வகுப்பறையில் பெயர் சொல்லி அழைக்கும் விதத்திலேயே அது தெரிந்துவிடும். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு பட்டியல் சாதி மாணவனைச் சக மாணவர்கள் வீடு புகுந்து வெட்டினார்கள். தொல்லை தாங்காமல் அந்த மாணவன் அதற்கு முன் சில நாள் பள்ளிக்கே போகாமல் இருந்தான். அந்தச் சில நாளைப் பதிவேடு ‘வரவில்லை’ என்று மட்டும்தான் எழுதும்.

நீதிபதி சந்துரு தலைமையில் ஒரு நபர்க் குழு அமைத்தார்கள், 2024 ஜூனில் அறிக்கை வந்தது. கயிறு கூடாது, சாதி அடையாளம் கூடாது, பள்ளிப் பெயரில் சாதி கூடாது என்று பல பரிந்துரைகள். கயிற்றைக் கழற்றச் சொல்வது எளிது. கழற்றச் சொல்ல வேண்டிய ஆசிரியரும் அதே ஊரில், அதே தெருவில் குடியிருக்கிறார்.

‘படிப்பு ஏறவில்லை’ என்று வீட்டில் சொல்லிவிட்டு நிற்கும் பையன்களில் எத்தனை பேர் அந்தப் பஸ்ஸில் ஏறப் பயந்து நிற்கிறார்கள் என்று யாருக்குத் தெரியும்? அவமானப்பட்டதை அப்பாவிடம் சொல்வதைவிடப் படிப்பு வரவில்லை என்று சொல்லிவிடுவது பையன்களுக்குச் சுலபம்.

கொத்தனார் மகன்

சரி, எல்லாம் படித்தேன். என் பக்கத்தையும் கேளுங்கள். பதினாறு வயதுப் பையனை அவன் மாமாவே அழைத்து வருகிறார். ‘வீட்டில் சும்மா இருந்தால் கெட்டுப்போவான், வைத்துக்கொள்’ என்கிறார். நான் வேண்டாம் என்றால் அடுத்த காண்ட்ராக்டர் எடுத்துக்கொள்வார். பதினான்குக்குக் கீழே என்றால் குற்றம் என்று எனக்கும் தெரியும், அவர்களை நான் சேர்ப்பதில்லை. பதினாறுக்கு என்ன செய்வது?

வட்டார வளமையம்

2016-இல் திருத்திய குழந்தைத் தொழிலாளர் சட்டப்படி பதினான்குக்குக் கீழே எந்த வேலையும் கூடாது, குடும்பத் தொழிலில் பள்ளி நேரம் போக உதவுவது போன்ற சில மட்டும் விலக்கு. பதினான்கு முதல் பதினெட்டு வரை அபாயகரமான வேலை கூடாது. சட்டம் ஒருபக்கம் இருக்கட்டும். கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதினெட்டு நிறைந்தால்தான் பதிவு செய்ய முடியும். உங்கள் பையன் சாரத்திலிருந்து விழுந்தால் வாரிய உறுப்பினருக்குக் கிடைக்கும் உதவி அவனுக்குக் கிடைக்காது. மருத்துவச் செலவு உங்கள் தலையில், போலீஸ் வழக்கும் உங்கள் பெயரில். இதையும் கணக்கில் சேர்த்துக்கொண்டு முடிவு செய்யுங்கள்.

ஏரிக்கரையான்

தாத்தா கொடுத்த கேள்வியை நேற்றுக் கூட்டத்தில் கேட்டேன். தலைமையாசிரியர் கோபப்படுவார் என்று நினைத்தேன். எழுந்து போய்ப் பழைய சேர்க்கைப் பதிவேட்டை அவரே எடுத்து வந்தார். இப்போது பத்தாம் வகுப்பில் ஒரே பிரிவு. அந்தப் பிள்ளைகள் ஆறாம் வகுப்பில் சேர்ந்த ஆண்டில் ‘அ’, ‘ஆ’ என்று இரண்டு பிரிவு. ஒவ்வொரு பெயராக வாசித்தோம். மாற்றுச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு தனியார் பள்ளிக்குப் போனவர்கள், குடும்பத்தோடு ஊர் மாறியவர்கள் என்று கழித்துக்கொண்டே வந்தோம். கடைசியில் ஒரு பக்கம் நிறையப் பெயர்கள் மிஞ்சின. வார்டு உறுப்பினர் ஒரு பெயர் வந்ததும் ‘இவன் என் தங்கை மகன்’ என்றார். அவன் நின்றுபோனது அவருக்கே தெரியாது, விடுமுறையில் சென்னைக்குப் போயிருக்கிறான் என்று நினைத்துக்கொண்டிருந்தாராம்.

தீர்மானத்தில் அந்த வழக்கமான வரியை எழுதவில்லை. பெயர்களை எழுதினோம், ஒவ்வொரு பெயருக்கும் யார் வீட்டுக்குப் போவது என்று எழுதினோம். டவுன் பஸ்ஸை எட்டே காலுக்கு மாற்றக் கேட்டுப் பணிமனைக்கு ஒரு மனு போகிறது. தருமபுரி அம்மாவின் பதிவைப் படித்த பிறகுதான் எங்கள் பஸ் நேரத்தையும் பார்த்தோம், அதே கூத்து.

தலைமையாசிரியர் ஒன்று சொன்னார், அதையும் பதிவு செய்ய வேண்டும். ‘இவர்கள் எல்லோரையும் அழைத்து வந்துவிடுவீர்கள். கணக்குக்கு ஆசிரியர் பணியிடம் காலி. யார் சொல்லிக்கொடுப்பது?’ என்றார். அதற்கு எங்களிடம் பதில் இல்லை. ஆறு, ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மாலையில் வாசிக்கப் பழக்க இரண்டு பெண்கள் முன்வந்திருக்கிறார்கள். முன்பு இல்லம் தேடிக் கல்வியில் தன்னார்வலர்களாக இருந்தவர்கள். கணக்குக்கு இன்னும் ஆள் தேடுகிறோம்.

சாக்பீஸ் தாத்தா

அந்தத் தலைமையாசிரியரை விட்டுவிடாதீர்கள். பதிவேட்டைத் தானே எடுத்து வந்தவர் அபூர்வம். காலிப் பணியிடத்துக்குத் தற்காலிக ஆசிரியரைத் தொகுப்பூதியத்தில் மேலாண்மைக் குழு வழியாகவே நியமித்த ஆண்டுகள் உண்டு. ஆணை எப்போது வருகிறது என்று வட்டாரத்தில் கேட்டுக்கொண்டே இருங்கள்.

கொத்தனார் மகன்

வட்டார வளமையம் சாருக்கு: ஒன்பதோடு நின்ற பையன், பதினாறு வயது, எட்டாம் வகுப்புச் சான்று இருக்கிறது. பள்ளிக்குத் திரும்ப மாட்டேன் என்று பிடிவாதம். ஐ.டி.ஐ.யில் சேர முடியுமா? தெரிந்த பையன், அதனால் கேட்கிறேன்.

வட்டார வளமையம்

முடியும். பதினான்கு வயது நிறைந்திருந்தால் போதும். வெல்டர், வயர்மேன் போன்ற சில பிரிவுகளுக்கு எட்டாம் வகுப்புத் தேர்ச்சியே தகுதி. மற்றப் பிரிவுகள் பத்து கேட்கும். அரசு ஐ.டி.ஐ.யில் பயிற்சி இலவசம், மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, பஸ் பாஸ், சைக்கிள் உண்டு. எட்டாம் வகுப்பு மதிப்பெண் சான்று, மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்று, ஆதார் நகல், புகைப்படம் எடுத்துக்கொண்டு பக்கத்து அரசு ஐ.டி.ஐ. உதவி மையத்துக்குப் போனால் அங்கேயே இணையத்தில் விண்ணப்பம் போட்டுத் தருவார்கள். விண்ணப்பம் கோடை விடுமுறையோடு சேர்ந்து தொடங்கும், தேதியைச் செய்தித்தாளில் பாருங்கள். மனம் மாறினால் தனித்தேர்வராகப் பத்தாம் வகுப்பும் எழுதலாம். ஏதாவது பள்ளி மாற்றுச் சான்றிதழ் தர மறுத்தால் பள்ளிக் கல்வித் துறை உதவி எண் 14417-க்கு அழையுங்கள்.

கொத்தனார் மகன்

வயர்மேன் கேட்கச் சொல்கிறேன். மாற்றுச் சான்றிதழுக்கு அவன் அப்பா நேரில் வர வேண்டுமா, மாமா வந்தால் போதுமா?